இருபத்து மூன்றாவது வரிசை

என் தங்கையின் கணவருக்குக் கட்டட வேலை நடக்கிற இடங்களில் ‘நேர்கோடு’ என்று பெயர். டைல் பதிக்கிறவர். குப்புறப் படுத்து, இடது கண்ணை மூடி, வலது கண்ணைத் தரையோடு தரையாக வைத்துப் பார்ப்பார். எழுபதடி நீளத்தில் ஒரு நூல் விலகியிருந்தாலும் சொல்லிவிடுவார். நூல் என்பது எங்கள் அளவில் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு.

நான் டைல் வெட்டுகிறவன். நான் வெட்ட, அவர் பதிக்க, பன்னிரண்டு வருடமாகச் சேர்ந்தே வேலை செய்கிறோம். அவருக்கு நான் மச்சான், எனக்கு அவர் மாப்பிள்ளை. வீட்டில் என் தங்கை முன்னால் என்னை ‘நீங்க’ என்பார். வேலையிடத்தில் ‘நீ’தான், கோபம் வந்தால் அதற்கும் கீழே. நானும் சளைத்தவன் இல்லை. காலையில் திட்டிக்கொண்டால் மதியம் ஒரே டப்பாவில் சாப்பிடுவோம். எதையும் மனதில் வைத்துக்கொண்டதில்லை, அந்த நடைவழி வேலை வரும்வரை.

புதிதாகக் கட்டிய அலுவலகம் அது. இரண்டாவது மாடியில் நீளமான நடைவழி. அகலத்துக்கு நாலு டைல், நீளத்துக்கு முப்பத்தெட்டு வரிசை. முதல் நாள் பத்து வரிசை முடித்துவிட்டுப் போனோம். மறுநாள் காலையில் மாப்பிள்ளை படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார். வரிசை வளைந்திருக்கிறது, நீ வெட்டினதுதான் சரியில்லை என்றார். நான் டேப்பை எடுத்து ஒவ்வொரு டைலாக அளந்து காட்டினேன். டேப் பொய் சொல்லாது, அவர் கண்ணும் பொய் சொல்லாது, ஆகவே நான்தான் பொய் சொல்கிறேன் என்று முடிவு கட்டினார். பசை முழுக்க இறுகுவதற்குள் நாற்பது டைலையும் பேர்த்துப் போட்டார். நன்றாக இருந்த நாற்பது டைல். எனக்குக் கோபம் எப்போதும் மூக்கின் நுனியில்தான் இருக்கும், அன்றைக்கு அங்கேயும் நிற்கவில்லை. என்ன சொன்னேன் என்பதை எழுத முடியாது.

புதிய டைல் வந்தது. பதித்தோம். மறுபடியும் வளைந்திருக்கிறது என்றார். நான் இரண்டு முனையிலும் ஆணி அடித்து, நூலை இழுத்துக் கட்டி, விரலால் ஒரு சுண்டு சுண்டினேன். நூல் விண்ணென்று அதிர்ந்து நின்றது. இப்போது பார், தப்பு நூலிலா டைலிலா என்று சொல் என்றேன். அவர் படுத்து, இடது கண்ணை மூடி, வெகுநேரம் பார்த்தார்.

“நூலே வளைஞ்சிருக்கு மச்சான்.”

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன். இழுத்துக் கட்டிய நூல் வளையாது என்பது எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரியும், அவருக்கு இன்னும் நன்றாகத் தெரியும். நான் சொல்லாமலேயே வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு இடது கண்ணால் பார்த்தார். பிறகு மாற்றிப் பார்த்தார். மறுபடி மாற்றினார். கடைசியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். என் கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை.

என் தங்கை மருந்துக் கடையில் வேலை செய்கிறவள். விஷயத்தைச் சொன்னதும் கைக்காரியத்தைப் போட்டுவிட்டு அன்று மாலையே கண் மருத்துவமனைக்கு எங்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு போனாள். அங்கே டாக்டரம்மா ஒரு அட்டையைக் கொடுத்தார். சின்னச் சின்னக் கட்டம், நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. இடது கண்ணை மூடிக்கொண்டு புள்ளியையே பார்க்கச் சொன்னார். மாப்பிள்ளை பார்த்துவிட்டு, அச்சடித்தவன் சரியாக அடிக்கவில்லை, வேறு அட்டை இருந்தால் கொடுங்கள் என்றார். என் தங்கை தலையில் அடித்துக்கொண்டாள்.

வேறு அட்டை எல்லாம் இல்லை, தெரிவதை அப்படியே சொல்லுங்கள் என்றார் டாக்டரம்மா. இவர் சொன்னார் பாருங்கள். புள்ளியிலிருந்து வலது பக்கம் மூன்றாவது கட்டம் அரை நூல் தூக்கியிருக்கிறது, அதை அடுத்த இரண்டும் உள்ளே இறங்கியிருக்கின்றன, அதற்குக் கீழே உள்ள இணைப்புக்கோடு இடது பக்கம் முதுகு வளைத்து நிற்கிறது என்று ஏலம் விடுகிறவர் மாதிரி வரிசையாகச் சொன்னார். டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு, இத்தனை வருடத்தில் இவ்வளவு சுத்தமாக யாரும் சொன்னதில்லை என்றார். மாப்பிள்ளைக்குப் பெருமை தாங்கவில்லை. வந்த காரியத்தையே ஒரு நிமிடம் மறந்துவிட்டார்.

படமெல்லாம் எடுத்த பிறகு விவரம் தெரிந்தது. விழித்திரைக்கு அடியில், இருக்கக்கூடாத இடத்தில், புதிதாக ரத்தக்குழாய்கள் முளைத்திருக்கின்றன. மாப்பிள்ளையைப் போலச் சின்ன வயதிலிருந்தே தடித்த கண்ணாடி போடுகிறவர்களுக்கு இப்படி வருவதுண்டாம். அந்தக் குழாய்கள் கசியும், கசிந்து மேலே உள்ள படலத்தைத் தூக்கும், அதனால்தான் நேரான கோடு வளைந்து தெரிகிறது.

“அப்ப டைலுக்கு அடியில வேர் வந்திருக்கு. அதானே?” என்றார் மாப்பிள்ளை.

அதேதான் என்று டாக்டரம்மா சொன்னார். பக்கத்து மரத்தின் வேர் அடியில் புகுந்து தரையைத் தூக்கிய வீடு எத்தனையோ பார்த்திருக்கிறோம். அங்கே டைலைப் பேர்த்து வேரை வெட்டி எடுப்போம். அதைக் கண்ணுக்குள் செய்யவேண்டும் என்று நினைத்ததும் என் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

முதலில் ஊசி போட்டுப் பார்த்தார்கள். கண்ணிலேயே போடுகிற ஊசி. மாதம் ஒன்றாக மூன்று. முதல் இரண்டுக்கும் கொஞ்சம் அடங்கின மாதிரி இருந்தது. மூன்றாவதுக்குப் பிறகு குழாய் வெடித்து அடியில் ரத்தம் கட்டிக்கொண்டது. இனி அறுவை சிகிச்சைதான், உள்ளே போய் அந்த வேரையே எடுத்துவிடலாம், பக்கத்தில் புதிதாக ஒன்றும் வராமல் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார் டாக்டரம்மா. மாப்பிள்ளை ஒரே ஒரு கேள்வி கேட்டார். கோடு நேராகுமா?

டாக்டரம்மா மழுப்புகிற ஆள் இல்லை. ஆகலாம், ஆகாமலும் போகலாம், நேரானாலும் நடுவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மங்கல் நிற்கலாம், உறுதி சொல்ல மாட்டேன் என்றார். வெளியே வந்து, இன்னொரு கண்தான் இருக்கிறதே என்று நான் ஆறுதல் சொன்னேன். மாப்பிள்ளை வலது கண்ணைப் பொத்திக்கொண்டு எதிரே இருந்த பெயர்ப்பலகையைப் பார்த்தார். இடது கண் பிறந்ததிலிருந்தே மந்தம், பத்தடிக்கு மேல் எல்லாம் கலங்கல் என்பது எனக்கே தெரியும். வலது கண் நேராகவில்லை என்றால் அவர் தரையில் படுத்துப் பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது. அவர் இல்லாமல் நான் யாருக்கு வெட்டுவது என்பதையும் அப்போதுதான் யோசித்தேன்.

இதற்கிடையில் அலுவலகக் கட்டடக்காரர் நச்சரித்ததால் நடைவழியை நான் ஒருவனே முடித்தேன். வெட்டுகிறவன் பதித்தால் எப்படி இருக்கும்? நூலைக் கட்டிக்கொண்டு குழந்தை சுவரைப் பிடித்து நடப்பதுபோல நடந்தேன். இருபத்து இரண்டு வரிசை வரைக்கும் குறை சொல்ல முடியாது. இருபத்து மூன்றாவதில் நூலைத் தெரியாமல் முழங்காலால் தள்ளிவிட்டேன். மறுநாள்தான் கவனித்தேன், இடமிருந்து இரண்டாவது இணைப்பு ஒரு நூல் விலகியிருந்தது. பேர்க்கவில்லை. இடைவெளிப் பூச்சை அங்கே கொஞ்சம் தாராளமாகப் போட்டு மறைத்தேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை. நானும் யாரிடமும் சொல்லவில்லை, என் மனைவியிடம்கூட.

அறுவை சிகிச்சை அன்று நானும் தங்கையும் வெளியே உட்கார்ந்திருந்தோம். அவள் சொட்டு மருந்துகளின் நேரத்தை ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதிக்கொண்டிருந்தாள். நான் காத்திருப்பு அறையின் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு டைல் தூக்கிக்கொண்டு நின்றன. வழக்கமாக இந்த மாதிரி பார்த்தால் மாப்பிள்ளை விலாவில் இடிப்பார், இருவரும் சேர்ந்து அதைப் பதித்தவனின் பரம்பரையையே விசாரிப்போம். அன்றைக்கு இடிக்க ஆள் இல்லை. இரண்டு மணி நேரமும் எனக்குப் பயமாகவே இருந்தது, அதை மறைக்கத் தங்கையிடம் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன்.

டாக்டரம்மா வெளியே வந்து, படலத்தில் ஊசிமுனை அளவு வழி செய்து, அந்தக் குழாய்க் கொத்தை மெல்லிய இடுக்கியால் முழுதாக உருவி எடுத்துவிட்டேன் என்றார். படலம் திரும்ப ஒட்டிக்கொள்ள உள்ளே வாயுக் குமிழி ஒன்றை விட்டிருக்கிறார்களாம். குமிழி மேல்நோக்கித்தான் போகும். அது கண்ணின் பின்பக்கத்தை அழுத்தவேண்டும் என்றால் ஆள் குப்புறக் கிடக்கவேண்டும். பத்து நாள்.

“நாங்க புது டைல் மேல பாரத்துக்குக் கல்ல வைப்போம். நீங்க என் தலையவே கவுத்து வைக்கச் சொல்றீங்க. பொழப்பு ஒண்ணுதான்” என்றார் மாப்பிள்ளை, கட்டுப்போட்ட கண்ணோடு.

கட்டிலின் விளிம்பில் நெற்றியைத் தாங்க ஒரு மெத்தை வளையம் வைத்து, முகம் தரையைப் பார்க்கும்படி அவரைப் படுக்கவைத்தோம். சாப்பாடு, தண்ணீர், பேச்சு எல்லாம் கீழேயிருந்துதான். நான் போனால் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்துப் பேசுவேன். தங்கை எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, இது என் வீடா, கார் பழுது பார்க்கிற இடமா என்று கேட்டாள்.

அந்த அறையின் தரை, மாப்பிள்ளை தன் கையால் பதித்தது. எட்டு வருடமாக என் தங்கை ஒரு குறை சொல்லிக்கொண்டிருந்தாள். அலமாரிக்குப் பக்கத்து டைல் தூக்கியிருக்கிறது, கால் கட்டைவிரல் இடிக்கிறது என்று. டைல் சரியாகத்தான் இருக்கிறது, உன் நடைதான் சரியில்லை என்று எட்டு வருடமாக இவரும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது பத்து நாள், அதே தரைக்கு ஒன்றரை அடி மேலே, இடது கண் பார்க்கக்கூடிய தூரத்தில் கிடந்தார். மூன்றாம் நாள் நான் போனபோது ஒரு மாதிரி அமைதியாக இருந்தார். அலமாரிப் பக்கத்து டைல் தூக்கியிருக்கிறது என்றார். ஐந்தாம் நாள் இன்னும் இரண்டு குறை கண்டுபிடித்தார். ஏழாம் நாள் என் தங்கையைக் கூப்பிட்டு, உன் நடையில் ஒரு குற்றமும் இல்லை என்று சொன்னாராம். அவள் எனக்கு உடனே போன் செய்தாள். அவள் கல்யாண வாழ்க்கையில் அப்படி ஒரு தீர்ப்பு வந்ததே இல்லை.

எட்டாம் நாள் நான் கீழே படுத்திருந்தபோது, “மச்சான், அந்த நாப்பது டைல்…” என்று ஆரம்பித்தார். கண் கலங்கக்கூடாது, குமிழி கெட்டுவிடும் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி அடக்கினேன். அப்படி ஒரு விதி கிடையாது. கேட்டால் எனக்குத்தான் கலங்கியிருக்கும்.

பத்து நாள் கழித்து நிமிர்ந்து உட்காரச் சொன்னார்கள். குமிழி கொஞ்சம் சிறுத்திருந்தது. வலது கண்ணில் பாதிக்கு மேல் தண்ணீர்மட்டம் மாதிரி ஒரு கோடு தெரிகிறது, தலையைச் சாய்த்தாலும் அது சாய மாட்டேன் என்கிறது என்றார் மாப்பிள்ளை. இரண்டு நிமிடம் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்துவிட்டது. கண்ணுக்குள்ளேயே ரசமட்டம் வைத்து அனுப்பியிருக்கிறார்கள் என்றார். அதற்கப்புறம் வீட்டில் ஒரு பொருள் தப்பவில்லை. ஜன்னல் விளிம்பு, சுவரில் மாட்டிய படம், அடுப்பு மேடை எல்லாவற்றையும் அந்தக் கோட்டோடு வைத்துப் பார்த்தார். அடுப்பு மேடை இடது பக்கம் சரிந்திருப்பது அப்படித்தான் தெரியவந்தது. குமிழி நாளுக்கு நாள் சின்னதாகி, ஒரு பட்டாணி அளவுக்கு வந்து, ஒரு காலையில் காணாமல் போனது. ஓசியில் கிடைத்த கருவி போய்விட்டதே என்று கொஞ்சம் வருத்தப்பட்டார்.

மருத்துவமனையில் மறுபடி அந்தக் கட்ட அட்டை. கோடெல்லாம் நேராக இருக்கிறது, புள்ளிக்கு வலது பக்கம் ஒரு கட்டம் மட்டும் லேசாக மங்கல் என்றார். டாக்டரம்மாவுக்கு மகிழ்ச்சி. மெதுவாக வேலைக்குப் போகலாம் என்றார். எல்லாரும் சிரித்தோம், எனக்கு மட்டும் சிரிப்பு உள்ளே இறங்கவில்லை. அந்த அட்டையை அவர் நாலு மாதமாகப் பார்க்கிறார். கண்ணை மூடிக்கொண்டே ஒப்பிப்பார். அட்டை உள்ளங்கை அகலம், எங்கள் வேலை எழுபதடி.

தங்கைக்கும் சந்தேகம் இருந்தது. வீட்டில் எது கேட்டாலும் நன்றாக இருக்கிறது, பரவாயில்லை என்கிறாராம். சாப்பாட்டில் உப்பு குறைந்தால்கூட வாய் திறப்பதில்லையாம். “ரொம்ப நல்லவரா ஆயிட்டாருண்ணா. எனக்குப் பயமா இருக்கு” என்றாள்.

எனக்கும் பயமாகத்தான் இருந்தது. என்னை வேலைப் பேச்சில்கூட ‘நீங்க’ என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்.

அப்போதுதான் எனக்கு அந்த இருபத்து மூன்றாவது வரிசை நினைவுக்கு வந்தது. உலகத்தில் என் ஒருவனுக்கு மட்டும் தெரிந்த தப்பு. யாரும் சொல்லி அவருக்குத் தெரிந்திருக்க முடியாது. ஒப்பிக்கவும் முடியாது. அவர் கண் நேரானால் அதைப் பார்த்தே தீரவேண்டும். நான் முடித்த நடைவழியை நீ இன்னும் பார்க்கவில்லையே, வா என்று கூட்டிக்கொண்டு போனேன். என் தப்பு வெளியே வரக்கூடாது என்று அத்தனை நாள் மூடி வைத்தவன், படியேறும்போது, வரவேண்டும் வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டே ஏறினேன்.

அலுவலகம் நடந்துகொண்டிருந்தது. காவலாளி எங்களை அடையாளம் கண்டு உள்ளே விட்டார். மாப்பிள்ளை நடைவழியின் முனையில் குப்புறப் படுத்தார். இடது கண்ணை மூடினார். ஆட்கள் அவரைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். கோப்புகளோடு வந்த ஒரு அம்மா, இவருக்கு மயக்கமா, தண்ணீர் கொண்டுவரட்டுமா என்று என்னைக் கேட்டார். இல்லை, வேலை பார்க்கிறார் என்றேன். அவர் நம்பாமல் அங்கேயே நின்றார்.

மாப்பிள்ளை தலையை லேசாகத் திருப்பினார், மங்கலை ஒதுக்கிவிட்டுப் பார்க்கிறவர் போல. எழுந்தார். சட்டையைத் தட்டிக்கொண்டார்.

“நல்லா இருக்கு மச்சான். கச்சிதமா போட்டிருக்கீங்க.”

அந்த அம்மா எனக்குத்தான் தண்ணீர் கொண்டுவந்திருக்கவேண்டும். சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன். மாப்பிள்ளை பதறிப்போய் என்ன ஆயிற்று என்று கேட்டார். மறைக்கத் தெம்பில்லை.

“இருபத்து மூணாவது வரிசைல ஒரு நூல் விலகியிருக்கு மாப்ளே. நான்தான் மறைச்சேன். உன் கண்ணுக்கு அது தெரியல.”

அவர் நடந்தார். எண்ணவில்லை, குனியவில்லை. நேராகப் போய் ஓரிடத்தில் நின்று, இடமிருந்து இரண்டாவது இணைப்பில் கால் கட்டைவிரலை வைத்தார். இருபத்து மூன்றாவது வரிசை.

“ஒரு நூல் இல்ல, ஒண்ணரை. படுத்ததுமே தெரிஞ்சுது.”

எனக்குக் கோபம் வந்த வேகத்தில் எழுந்துவிட்டேன். தெரிந்துமா சொல்லவில்லை, ஏன் என்று கேட்டேன்.

“நல்லா இருந்த நாப்பதப் பேத்துப் போட்டவன் நான். கெட்டுப்போன ஒண்ணப் பேசாம விட்டுட்டுப் போகக்கூடாதா?”

நான் அழுதேன். அலுவலகத்து ஆட்கள் நடுவில், கோப்பு வைத்திருந்த அம்மா பார்த்துக்கொண்டிருக்க, வெட்கமில்லாமல் அழுதேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரைத் திட்டினேன். நாலு மாதமாகத் திட்டாமல் சேர்த்து வைத்தது எல்லாம் வந்தது. நல்லவனாக இருக்கிற வேலையெல்லாம் என்னிடம் வைத்துக்கொள்ளாதே, கண்ணில் பட்டதைச் சொல்லித் தொலை என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டார். முடித்ததும் நிமிர்ந்தார்.

“அப்ப சொல்லவா? இருபத்தேழையும் கோட்டை விட்டுட்டே.”

இருபத்தேழு எனக்குத் தெரியாது. உடனே படுத்துப் பார்த்தேன், என் கண்ணுக்கு அம்பு மாதிரி நேராக இருந்தது. நீ சும்மா என்னைச் சீண்டுகிறாய் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே பையிலிருந்து நூலை எடுத்து ஒரு முனையை என்னிடம் நீட்டினார். ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து இழுத்துப் பிடித்தோம். நூல் விண்ணென்று நின்றது. இருபத்தேழாவது வரிசையில் மூன்றாவது டைல் அரை நூல் வெளியே இருந்தது.